இரத்தம் ஊறும் ஊசியும் இரத்தக் குழாயும்

சிறுநீரகம் பழுதுற்றமையால் வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் ‘டயாலிசிஸ்’ என்னும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் சென்றுவரும் நோயாளிகளை நம்முள் பலர் அறிவோம். உறவினருள் ஒருவராகவோ, அண்டை வீட்டாருள் ஒருவராகவோ அவர்கள் இருக்கக்கூடும். அவர்களுள் பலருக்கு, சுத்திகரிப்போடு ஓர் ஊசி மருந்தும் செலுத்தப்படுகின்றது. ‘இரத்தம் ஊறும் ஊசி’ என்றே வீட்டார் அதனைக் குறிப்பிடுவர். எரித்ரோபாய்டின் என்பது அதன் மருத்துவப் பெயர்.

நோயுற்றோரை இல்லங்களில் சந்திக்கச் செல்லுங்கால், இவ்வூசியைப் பற்றி இரு கேள்விகள் நம்மிடம் அடிக்கடி கேட்கப்படுவதுண்டு. “சுவாமி, இரத்தம் ஊறத்தானே ஊசி போடுகிறார்கள்? பிறகு ஏன் நாள் தவறாமல் பிரஷர் பார்க்கச் சொல்கிறார்கள்?” என்பது ஒன்று. “ஹீமோகுளோபின் பதினொன்றைத் தாண்டியதும் மருந்தைக் குறைத்துவிட்டார்களே, நல்ல உடம்புக்குப் பதினான்கு இருக்க வேண்டாமா?” என்பது மற்றொன்று. சிலர் இதற்கும் ஒருபடி மேலே சென்று, கைப்பணம் கொடுத்தேனும் கூடுதலாக ஓர் ஊசி வாங்கிப் போடலாமே என்றும் எண்ணுகின்றனர்.

நியாயமான கேள்விகள் இவை. இவற்றுக்கு விடை காண வேண்டுமாயின், இரத்தம் பிறக்கும் எலும்பை மட்டும் நோக்கினால் போதாது. இரத்தம் ஓடும் குழாயின் உட்சுவரையும் நோக்க வேண்டும். இரத்தம் உண்டாக்கும் ஹார்மோனின் குரல் எலும்பின் காதில் மட்டும் விழுவதில்லை. இரத்தக் குழாயின் காதிலும் விழுகின்றது என்பதே இக்கட்டுரையில் நாம் காணவிருக்கும் உண்மையாகும்.

சிறுநீரகம் விடுக்கும் கட்டளை

நமது இரத்தத்திலுள்ள சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். நாள்தோறும் மடியும் அணுக்களுக்கு ஈடாக, நொடி ஒன்றுக்கு ஏறக்குறைய 20 இலட்சம் புதிய அணுக்களை எலும்பு மஜ்ஜை உண்டாக்கிய வண்ணம் உள்ளது. இத்தனை வேண்டும், இத்தனை போதும் என்று மஜ்ஜைக்கு அறிவிப்பவர் யார்?

1890-ஆம் ஆண்டில் வியோல் என்னும் பிரெஞ்சு மருத்துவர், தென் அமெரிக்காவிலுள்ள பெரு நாட்டின் லீமா நகரிலிருந்து, ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரமுள்ள மொரோகோச்சா என்னும் மலையூருக்குச் சென்றார். புறப்படும்போது அவரது இரத்தத்தில் ஒரு கன மில்லிமீட்டருக்கு 50 இலட்சமாக இருந்த சிவப்பணுக்கள், மூன்று வாரங்களுக்குள் 70 இலட்சத்தைக் கடந்தன. பிராணவாயு குறைந்த இடத்தில், அதனைச் சுமக்கும் அணுக்களை உடல் பெருக்கிக்கொள்கின்றது என்பது அன்று தெளிவாயிற்று.

1906-இல் பாரிஸ் நகரத்தைச் சேர்ந்த கார்னோ என்பவரும் டெஃப்லாந்தர் அம்மையாரும், இச்செய்தியை எலும்புக்குக் கொண்டு செல்லும் ஒரு பொருள் இரத்தத்திலேயே இருத்தல் வேண்டும் என்று கூறினர். அப்பொருள் சிறுநீரகத்திலிருந்து வருகின்றது என்பதனை 1957-இல் அமெரிக்காவின் சிக்காகோ நகர ஆய்வாளர் எலிகளிடம் கண்டறிந்தனர். அவர்களுள் ஒருவரான கோல்டுவாசர், ஜப்பானியரான மியாக்கே முதலியோருடன் சேர்ந்து, 1977-இல் அதனைத் தூய்மையாகப் பிரித்தெடுத்தார். கடும் இரத்தசோகையுற்ற ஜப்பானிய நோயாளிகளிடமிருந்து திரட்டிய 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது ஒரு சில மில்லிகிராம் மட்டுமே!

1985-இல் இந்த ஹார்மோனுக்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்த செய்தி வெளியாயிற்று. அதன் பின்னர் ஆய்வுக்கூடத்தில் வேண்டிய அளவு அதனை உண்டாக்க முடிந்தது. 1989 ஜூன் மாதம் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது. அதுகாறும் மாதந்தோறும் பிறர் இரத்தத்தை ஏற்றிக்கொண்டு, அதனால் வரும் மஞ்சட்காமாலைக் கிருமிக்கும், உடலில் மிகுதியாகச் சேரும் இரும்புச் சத்துக்கும் அஞ்சி வாழ்ந்த சிறுநீரக நோயாளிகளுக்கு இது பெரும் விடுதலையாக அமைந்தது. படுக்கையை விட்டு எழ இயலாதிருந்தோர் எழுந்து நடமாடினர், வேலைக்கும் சென்றனர். இந்நன்மையை மறந்துவிட்டுப் பின்வருவனவற்றைப் படித்தல் ஆகாது.

உட்சுவர் வெறும் பூச்சன்று

இதயம் தொடங்கிக் கண்ணுக்குப் புலனாகாத நுண்குழாய் ஈறாக, இரத்தம் ஓடும் வழி முழுவதும் உட்புறத்தில் ஒரே ஓர் அணு கனமுள்ள மெல்லிய படலம் ஒன்று விரிக்கப்பட்டுள்ளது. 1865-இல் வில்ஹெல்ம் ஹிஸ் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞர் அதற்கு எண்டோதீலியம் எனப் பெயரிட்டார். நாம் அதனை உட்படலம் என அழைப்போம்.

நீண்ட காலமாக மருத்துவ உலகம் இதனைச் சுவருக்கு அடித்த சுண்ணாம்புப் பூச்சு போலவே கருதி வந்தது. 1980-இல் நியூயார்க் நகரத்தில் ராபர்ட் ஃபர்ச்காட் என்பவர் அவ்வெண்ணத்தை மாற்றினார். முயலின் இரத்தக் குழாய்த் துண்டுகளின் மீது ஒரு மருந்தினை இட்டபோது, உட்படலம் சிதையாதிருந்த துண்டுகள் தளர்ந்து விரிந்தன. உட்படலம் தேய்ந்துபோன துண்டுகளோ விரியவில்லை. ஆகவே, குழாயை விரியச் செய்யும் ஏதோ ஒன்றினை உட்படலமே வெளியிடுகின்றது என அவர் முடிவு செய்தார். அது நைட்ரிக் ஆக்ஸைடு என்னும் வாயு என்பது பின்னர் உறுதியாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக அவருக்கும் வேறு இருவருக்கும் 1998-இல் நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

குழாயை விரிப்பது மட்டுமன்று, எண்டோதீலின் என்னும் வேறொரு பொருளை வெளியிட்டு அதனைச் சுருக்குவதும் இப்படலமே. ஓடும் இரத்தம் உறையாதவாறு காப்பதும், காயம் பட்ட இடத்தில் உறையச் செய்வதும் இதன் பணிகளே. பழைய குழாயிலிருந்து புதிய கிளைக்குழாய் தோன்றும்போது முதலில் நகர்ந்து வழி திறப்பனவும் இப்படலத்தின் அணுக்களே. உயிருள்ள சுவர் இது.

தொப்புள்கொடி தந்த சான்று

இச்சுவரின் அணுக்களைத் தனியே எடுத்து ஆராய வழியின்றி இருந்த நிலை 1973-இல் மாறியது. மகப்பேற்றுக்குப் பின் எறியப்படும் தொப்புள்கொடியின் இரத்தக் குழாயிலிருந்து உட்படல அணுக்களைப் பிரித்து, கண்ணாடித் தட்டில் வளர்க்கும் முறையினை நியூயார்க்கில் எரிக் ஜாஃபியும் அவருடைய துணைவரும் வகுத்தனர். அதன் பின்னர், எந்தப் பொருளைத் தொட்டால் இவ்வணுக்கள் என்ன செய்கின்றன என்று உருப்பெருக்கியின் கீழ் நேரே காண முடிந்தது.

1989-இல் இத்தாலிய ஆய்வாளர் புசோலினோவும் அவருடைய குழுவினரும் வெள்ளணுக்களைப் பெருக்கும் இரு ஹார்மோன்களை இவ்வணுக்களின் மீது இட்டனர். இன்று புற்றுநோய் மருந்தினால் வெள்ளணுக்கள் குறைந்தோருக்கு ஊசியாகப் போடப்படும் ஜி.சி.எஸ்.எஃப். என்பது அவற்றுள் ஒன்று. எலும்பு மஜ்ஜைக்கென உள்ள அந்தச் செய்தியைக் கேட்டு, குழாயின் உட்படல அணுக்களும் இடம் விட்டு நகர்ந்தன; பெருகவும் செய்தன! அடுத்த ஆண்டே, 1990-இல், அனக்னோஸ்டு என்பவரின் குழுவினர் எரித்ரோபாய்டினுக்கும் அதே விளைவு உண்டு என்று எழுதினர். 1999-இல் இத்தாலியின் ரிபாத்தி முதலியோர், அடைகாக்கும் கோழி முட்டையின் சவ்வில் எரித்ரோபாய்டினை வைத்தபோது அங்கே புதிய இரத்தக் குழாய்கள் கிளைத்ததைக் கண்டனர்.

வேறு ஆய்வுகள் மற்றும் இரு விளைவுகளை வெளிப்படுத்தின. எரித்ரோபாய்டின் பட்டதும் உட்படல அணுக்கள் குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்ஸைடைக் கூடுதலாக உண்டாக்குவதும் உண்டு. குழாயைச் சுருக்கும் எண்டோதீலினை வெளியிடுவதும் உண்டு. ஒரே கட்டளைக்கு ஒன்றுக்கொன்று முரணான இரு பணிகள்! எது மேலோங்கும் என்பது மருந்தின் அளவையும், அது செல்லும் காலத்தையும், உட்படலம் நலமாக இருக்கின்றதா நைந்திருக்கின்றதா என்பதனையும் பொறுத்தது.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்

இரத்த அணுக்களுக்கென உள்ள கட்டளையைக் குழாயின் அணுக்கள் ஏன் கேட்க வேண்டும்? கருவின் வரலாற்றிலே இதற்கு விடை உண்டு.

அமெரிக்க மருத்துவப் பேராசிரியை ஃபுளோரன்ஸ் சேபின் அம்மையார், அடைகாக்கத் தொடங்கிய இரண்டாம் நாள் கோழிக் கருவை உயிரோடு உருப்பெருக்கியின் கீழ் வைத்து, மணிக்கணக்கில் கண்ணிமையாது நோக்கினார். இரத்தக் குழாயும் இரத்த அணுக்களும் அடுத்தடுத்து ஒரே இடத்தில் உருவாவதனையும், குழாயின் உட்சுவரிலிருந்தே இரத்த அணுக்கள் பிரிந்து செல்வதனையும் 1920-இல் அவர் விரித்தெழுதினார். தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, 2010-இல், மீன் கருவிலும் எலிக் கருவிலும் இதே காட்சியைப் புதிய கருவிகளால் படம் பிடித்தனர். பெருந்தமனியின் உட்சுவரில் இருந்த அணு ஒன்று மெல்லத் திரண்டு, சுவரை விட்டுக் கழன்று, இரத்தத்தின் தாயணுவாக மாறிற்று.

ஆகவே, இரத்தமும் அது ஓடும் குழாயும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் எனலாம். தமையனை அழைக்கும் குரலுக்குத் தம்பியும் திரும்பிப் பார்ப்பது இயல்புதானே!

இவ்விடத்தில் ஒன்றினைக் கூறாது விடுதல் முறையன்று. எரித்ரோபாய்டினைப் பற்றிக்கொள்ளும் ஏற்பி, அதாவது செய்தியை வாங்கும் வாயில், உட்படல அணுக்களில் எந்த அளவு உள்ளது என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. அவ்வாயிலைக் கண்டுபிடிக்கப் பயன்படுத்திய சில சோதனைப் பொருள்கள் வேறு புரதங்களையும் தவறாகக் காட்டின என 2006-இல் வெளியான ஓர் ஆய்வு எடுத்துரைத்தது. மஜ்ஜையில் உள்ள இளம் சிவப்பணுக்களை நோக்க, உட்படலத்தில் வாயில்கள் மிகக் குறைவே. எனவே, இயல்பாக உடலில் ஊறும் சிறு அளவினைவிட, மருந்தாகச் செலுத்தப்படும் பெரிய அளவுக்கே குழாயின் மறுமொழி தெளிவாகத் தெரியும் என்று கொள்வது பொருந்தும்.

எலிகள் புகட்டும் பாடம்

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஓர் ஆய்வு இங்கே கருதத்தக்கது. பிறவியிலிருந்தே எரித்ரோபாய்டின் மிகுதியாகச் சுரக்குமாறு மரபணு மாற்றிய எலிகளை அவர்கள் வளர்த்தனர். இரத்தத்தின் கொள்ளளவில் சிவப்பணுக்களின் பங்கினை, ஆய்வுக்கூடத் தாளில் பி.சி.வி. எனக் குறிப்பர். இயல்பாக 40 அல்லது 45 விழுக்காடு இருக்க வேண்டிய அப்பங்கு, அவ்வெலிகளுக்கு 80 விழுக்காடாக உயர்ந்தது. அத்தனை தடித்த இரத்தம் ஓடினால் இரத்த அழுத்தம் வானளாவ ஏற வேண்டும் அன்றோ? ஏறவில்லை! காரணம், உட்படலம் நைட்ரிக் ஆக்ஸைடைப் பன்மடங்கு உண்டாக்கிக் குழாய்களை விரித்தே வைத்திருந்தது.

பின்னர் அவ்வாயு உண்டாவதைத் தடுக்கும் மருந்தினை எலிகளுக்கு அளித்தனர். சாதாரண எலிகளுக்கு அழுத்தம் ஏறிற்று, எனினும் பிழைத்தன. தடித்த இரத்தமுடைய எலிகளோ மாண்டன.

இதன் பொருள் யாது? உட்படலம் நலமாக இருக்கும் வரையில் மிகுதியான இரத்தத்தையும் அது தாங்கும். உட்படலம் தளர்ந்துவிட்டால் அதே இரத்தம் கேடாக முடியும். இனி நம் நோயாளியை எண்ணிப் பாருங்கள். பல்லாண்டுகளாகச் சர்க்கரை நோயும் இரத்தக் கொதிப்பும் சிறுநீரகப் பழுதும் உற்றவரது உட்படலம் ஏற்கெனவே நைந்துள்ளது. விரிக்கும் ஆற்றல் அங்கே குன்றியுள்ளது. சுருக்கும் ஆற்றலோ குன்றவில்லை. எலும்புக்கெனப் போட்ட ஊசி அங்கே சென்று சேரும்போது அழுத்தம் ஏறுவதில் வியப்பில்லை. தொடக்க கால ஆய்வுகளிலேயே இம்மருந்து பெற்ற சிறுநீரக நோயாளிகளுள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இரத்த அழுத்தம் கூடிற்று. இரத்தம் தடிப்பதும் இதற்கு ஒரு காரணம். உட்படலத்தின் மறுமொழி மற்றொரு காரணம். பிரஷர் பார்க்கச் சொல்வதன் பொருள் இதுவே.

‘இன்னும் கொஞ்சம்’ என்பதன் விலை

நல்ல உடம்புக்குரிய அளவு வரையில் இரத்தத்தை ஏற்றினால் நோயாளி நீடு வாழ்வார் என்று மருத்துவர்களும் ஒரு காலத்தில் நம்பினர். அதனைச் சோதித்தறிய, இதய நோயும் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளை அமெரிக்காவில் இரு பிரிவாகப் பிரித்தனர். ஒரு பிரிவினருக்குப் பி.சி.வி. 42 விழுக்காடு வரையிலும், மறு பிரிவினருக்கு 30 விழுக்காடு வரையிலும் மருந்தினால் உயர்த்த முயன்றனர். முடிவு 1998-இல் வெளியாயிற்று. இயல்பான அளவுக்கு உயர்த்தப்பட்ட பிரிவில் 183 பேரும், குறைந்த அளவோடு நிறுத்தப்பட்ட பிரிவில் 150 பேரும் இறந்திருந்தனர். சுத்திகரிப்புக்காகக் கையில் அமைக்கப்படும் இரத்த வழி உறைந்து அடைபட்டதும், முதற்பிரிவில் 39 விழுக்காட்டினருக்கு, மறு பிரிவில் 29 விழுக்காட்டினருக்கு. ஆய்வினை இடையிலேயே நிறுத்திவிட்டனர்.

சர்க்கரை நோயினால் சிறுநீரகம் பழுதுற்று, இன்னும் டயாலிசிஸ் நிலையை எட்டாத 4,038 பேரை ஆராய்ந்த மற்றொரு பெரிய ஆய்வு 2009-இல் வெளிவந்தது. ஹீமோகுளோபினை 13 வரை உயர்த்த ஊசி பெற்ற பிரிவில் 101 பேருக்குப் பக்கவாதம் வந்தது. மறு பிரிவில் 53 பேருக்கு. இதற்கு முன்னரே, 2007-இல், இம்மருந்தின் மீது கறுப்புக் கட்டமிட்ட எச்சரிக்கையை அச்சிட அமெரிக்க அரசு ஆணையிட்டிருந்தது. 2012-இல் வெளியான உலகளாவிய சிறுநீரக மருத்துவ நெறிமுறைகள், வளர்ந்தோருக்குப் பொதுவாக ஹீமோகுளோபினை இம்மருந்தால் 11.5-க்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்றும், வேண்டுமென்றே 13-க்கு மேல் உயர்த்துதல் ஆகாது என்றும் கூறின. பதினொன்றில் மருத்துவர் மருந்தைக் குறைப்பது சிக்கனத்துக்காக அன்று, அக்கறையினால்.

உட்படலத்தின் இம்மறுமொழியை நன்மைக்குத் திருப்ப முடியாதா என்ற ஆவலும் எழுந்தது. புதிய குழாய் கிளைக்கச் செய்யும் மருந்து, மாரடைப்புற்ற இதயத்தைக் காக்கும் அன்றோ? விலங்குகளில் நம்பிக்கை தோன்றியது. ஆயினும், மாரடைப்புற்ற நோயாளிகளுக்கு எரித்ரோபாய்டின் அளித்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு, பழுதுற்ற இதயத் தசையின் பரப்பு அதனால் குறையவில்லை என 2011-இல் அறிவித்தது. கண்ணாடித் தட்டில் கண்டதெல்லாம் கட்டிலில் கிடக்கும் மனிதரிடம் அப்படியே நிகழ்ந்துவிடுவதில்லை.

பிராணவாயுக் குறைவை உடல் எவ்வாறு உணர்கின்றது என்பதனைக் கண்டறிந்த மூவருக்கு 2019-இல் நோபெல் பரிசு கிடைத்தது. அவ்வறிவின் பயனாக, சிறுநீரகத்தையும் ஈரலையும் தூண்டி எரித்ரோபாய்டினைச் சுரக்கச் செய்யும் மாத்திரைகள் வந்துள்ளன. 2022-இல் இந்தியாவிலும் அவ்வகை மாத்திரை ஒன்று ஒப்புதல் பெற்றது. ஊசியின் வலி நீங்கலாம். எனினும் இரத்தம் உறைதல் பற்றிய எச்சரிக்கை இவ்வகை மாத்திரைகளுக்கும் உண்டு.

வீட்டார் கருத்தில் கொள்ளத்தக்கவை

முதலாவது, இவ்வூசி சத்து டானிக் அன்று. களைப்பாக இருக்கின்றதெனக் கூடுதலாக ஓர் ஊசியையோ, இரத்தம் கூடிவிட்டதென எண்ணி ஒரு வேளையை விட்டுவிடுதலையோ மருத்துவரைக் கேளாமல் செய்தல் ஆகாது.

இரண்டாவது, இரத்த அழுத்தத்தை அளந்து, தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். ஊசி தொடங்கிய முதல் சில மாதங்களில் இது மிகவும் தேவை. அழுத்தத்துக்கான மாத்திரையை ஒரு நாளும் தவறவிடலாகாது.

மூன்றாவது, கடும் தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, ஒருபுறம் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினாலும் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது. கையிலுள்ள இரத்த வழியின் மீது விரல் வைத்து, வழக்கமான அதிர்வு இருக்கின்றதா என நாள்தோறும் பாருங்கள். அது நின்றிருப்பின் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

நான்காவது, மருந்து பயனளிக்கவில்லையெனில் அளவைக் கூட்டச் சொல்லி வற்புறுத்துமுன், இரும்புச் சத்து போதுமா, உடலில் எங்கேனும் நோய்த்தொற்று உண்டா, இரத்தக் கசிவு உண்டா என மருத்துவரைக் கேளுங்கள். கட்டளை எவ்வளவு உரத்து ஒலித்தாலும், இரும்பு இல்லாத மஜ்ஜை இரத்தம் சமைக்க இயலாது. அவ்வுரத்த கட்டளையை வீணே கேட்டுத் துன்புறுவது குழாயின் உட்சுவரே.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது நம் முன்னோர் வாக்கு. ஓர் உறுப்புக்கெனத் தரும் மருந்து அவ்வுறுப்போடு நின்றுவிடுவதில்லை. அது கடந்து செல்லும் வழியெல்லாம் உயிருள்ள வழி. அடுத்த முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது ஆய்வுக்கூடத் தாளோடு அந்த நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துச் செல்லுங்கள். எலும்பு என்ன சொல்கின்றது என்பது தாளில் இருக்கும். குழாய் என்ன சொல்கின்றது என்பதை அறிய மருத்துவருக்கு அந்த நோட்டு துணை செய்யும்.